முத்திரையை அழிக்க மறுத்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்க நிர்வாகிகளே, கண்ணீரோடு வந்திருக்கும் தலைவரின் துணைவியார் கமலம் அண்ணியாரே, மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்த அம்பத்தூர், ஆவடிப் பட்டறைத் தோழர்களே, வணக்கம்! நம் சிறுபட்டறைச் சங்கத் தலைவர் ஹேமநாதன் போய்விட்டார். அழத்தான் வந்தேன். கோபம் முந்திக்கொண்டு வருகிறது.

போன ஆண்டு, நம் பட்டறைகளில் செய்யும் வால்வுகளை வாங்கிவந்த பெரிய நாடு திடீரென்று இறக்குமதி வரியைக் கூட்டியது. நம் அரசோடு அவர்களுக்குப் பிணக்கு. அடி விழுந்தது யாருக்கு? நமக்கு! சேக்காட்டில் எத்தனை வீட்டில் உலை கொதிக்கவில்லை? வேலையிழந்த பிள்ளைகள் தெருமுனையில் அடித்துக்கொண்டதைப் பார்த்தோமே! பொருளாதாரக் கொள்கை டெல்லி சமாச்சாரம், நமக்கென்ன என்று இனி யாராவது சொல்வீர்களா?

அப்போது நம் சங்கக் கூட்டத்துக்கு ஓர் ஏற்றுமதி ஏஜென்ட் வந்தார். வால்வில் உள்ள இந்தியா முத்திரையை அழித்து, வரி கூடாத வேறொரு நாட்டின் பெயரைப் பொறித்து, அந்த வழியாக விற்கலாம் என்றார். பாதிப்பேர் தலையாட்டினார்கள். தலைவர் எழுந்தார்.

"இன்னாய்யா இது? நாம செஞ்சத நாம செய்யலன்னு சொல்லிகினு பொழைக்கணுமா? ஒருத்தனையே நம்பிகினு கீறோம், அதான் மெரட்டுறான். நாலு நாட்டுக்கு விப்போம்யா!"

"பசிக்குதே அண்ணாத்தே" என்றார் நம் முகமது ஆசிக்.

"எனக்குந்தான் பசிக்குது நைனா. அதுக்காவ பேர விக்கச் சொல்றியா?"

சொன்னதோடு நின்றாரா? நெஞ்சுவலியை மறைத்துக்கொண்டு, வேறு நாடுகளில் ஆர்டர் தேடி, தூதரகம் தூதரகமாக ஏறி இறங்கினார். "வெளியுறவு எங்கள் வேலை, நீங்கள் வால்வைப் பாருங்கள்" என்றார் டெல்லி அதிகாரி ஒருவர். "சார், ஒரே கடைக்கு வித்துகினு இருந்தா, நாடே அந்தக் கடைக்காரனுக்குப் பயந்துகினுதான பேசணும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர் நம் தலைவர்! ஆப்பிரிக்காவிலிருந்து ஆர்டர் வந்தது. சின்ன ஆர்டர்தான். நம் பெயரோடு கேட்டார்கள்.

அவர் சாம்பல் ஆறுவதற்குள், அதே ஏஜென்ட் மாலை அனுப்பியிருக்கிறார். நாளைய சங்கக் கூட்டத்தில், முத்திரையை அழிக்கும் அதே யோசனை தீர்மானமாக வருகிறதாம்! ராஜகுமாரி சொல்கிறேன்: அந்த மாலையை எடுத்து வெளியே வையுங்கள். திருமுல்லைவாயிலில் என் பட்டறை பூட்டிக் கிடந்தாலும் கிடக்கும், முத்திரை மாறாது. ஆப்பிரிக்க ஆர்டரை நான் முடித்து அனுப்புகிறேன். அவர் விட்ட தூதரகப் படிகளை நான் ஏறுகிறேன். என்னோடு வருகிறவர்கள் வாருங்கள்.

தீர்மானத்துக்குக் கை தூக்க நினைப்பவர்கள் நாளைவரை காத்திருக்க வேண்டாம். இதோ அவர் படம். இதன் முன்னால் இப்போதே தூக்குங்கள், பார்க்கலாம்!