அண்ணாச்சி வீட்டுக்கு வராத குழாய்

தலைமை தாங்கும் மாட்டுங்கா அனந்தநாராயணன் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் கோமதி மதினியே, தாராவித் தாய்மார்களே, தோழர்களே! வணக்கம்.

நாடாளுமன்ற உறுப்பினர் கணேசபாண்டியன் அண்ணாச்சி போய்விட்டார். கட்சியில் அவரோடு சண்டை போட்டே தலை நரைத்தவன் இந்த வெயிலுமுத்து. இனி யாரோடு சண்டை போடுவேன்?

குர்லாவில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்து, வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பிய முதலாளி அவர். செம்பூரில் பிளாட் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இருந்தாரா? சட்டமன்றத்துக்குப் போனார், நம் சந்தில்தான் இருந்தார். டெல்லிக்குப் போனார், திரும்பி வந்து இந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் படுத்தார்.

முதல் தேர்தலில் இதே முனையில் நின்று வாக்குக் கொடுத்தார். "எல்லா வீட்டுக்கும் குழாய் வந்த பெறவுதான் என் வீட்டுக்கு வரணும்." வேண்டாம் அண்ணாச்சி என்று மேடையிலேயே சட்டையைப் பிடித்து இழுத்தேன். கேட்டாரா? நீங்கள் கைதட்டினீர்கள். சந்து சந்தாகக் குழாய் வந்தது. மதினி மட்டும் குடத்தோடு பொதுக்குழாய் வரிசையில் நின்றார். எம்.எல்.ஏ. மனைவியாக நின்றார், எம்.பி. மனைவியாகவும் நின்றார். காரணம், பின்சந்துக்கு மட்டும் இன்னும் குழாய் வராமல் பாக்கி. அதற்காக அண்ணாச்சி இந்தியில் திட்டினார், மராத்தியில் கெஞ்சினார், டெல்லி சபையிலும் பேசினார். குழாய் வரவில்லை, அவர்தான் போய்விட்டார்.

போன செவ்வாய்க்கிழமை அவரைக் குளிப்பாட்ட, நம் திருநெல்வேலி வழக்கப்படி நீர்மாலை எடுக்க மகள் ஷாலினி பொதுக்குழாய்க்குப் போனாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. ஐயோ அண்ணாச்சி, உங்களுக்கா இந்த நிலைமை! காலிக் குடத்தோடு அந்தப் பெண் நின்றதைப் பார்த்து எதிர்வீட்டு நூர் நிஷா தன் வீட்டுக்குள் ஓடினார். காலையில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து ஊற்றினார். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் செம்பு வந்தது. அவர் வாங்கிக் கொடுத்த குழாய்த் தண்ணீரில்தான் அவரைக் குளிப்பாட்டினோம்.

மறுநாள் ஒரு பெரிய மனிதரின் ஆட்கள் வந்தார்கள். உடனே இந்த வீட்டுக்குக் குழாய் போட்டுத் தருகிறோம் என்றார்கள். மதினி அன்றைக்குப் பேசியது அது ஒன்றுதான்: "அவுக நீர்மாலைக்கு இல்லாத குழாய் எனக்கு எதுக்கு? பின்சந்துக்குப் போடுங்க."

ஆகவே பூத்தூவிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, காலிக் குடத்தோடு தண்ணீர் அலுவலக வாசலுக்கு வாருங்கள். வீட்டில் குழாய் உள்ளவர்கள் முதலில் வாருங்கள். பின்சந்தில் தண்ணீர் விழும்வரை அங்கே உட்காருவோம், தினமும் உட்காருவோம்.

மதினி, என் வீட்டில் குழாய் இருக்கிறது. அதை இன்றைக்கே மூடிவிட்டேன். நாளை முதல் பொதுக்குழாய் வரிசையில் உங்களுக்குப் பின்னால் நான் நிற்பேன்.