எட்டாவது பாடத்துக் கடிதம்

அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும், மேடம். நான் ஒருத்தி. தையல் கடைக்குப் போய்த் திரும்பும்வரை அவள் ஈரத்திலேயே கிடப்பாள். முதுகில் புண் வந்துவிட்டது. அதனால்தான் தம்பி சீக்கிரம் வெளியே வரட்டும் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டுக் குழந்தையிடம் தப்பாக நடந்ததற்கு அவனுக்கு ஏழு வருடம். சிறையில் அவனைப் போன்றவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. பன்னிரண்டு பாடம். ஒழுங்காக முடித்தால் முன்கூட்டியே விடுவார்கள். எட்டாவதில் தம்பி மாட்டிக்கொண்டான். பாதிக்கப்பட்ட குழந்தையே எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதிக் காட்ட வேண்டும். மூன்று முறை எழுதினான். மூன்றையும் ஆலோசகர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பொய்யா இருக்குதாம் அக்கா," என்றான் கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து. "அந்தப் புள்ள மனசு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன மந்திரவாதியா?"

அவனுக்குப் பதிலாக அந்தக் கடிதத்தை நான் எழுதினேன். கதவு கிரீச்சிட்டால் வாயில் வைத்தது இறங்காது என்று எழுதினேன். வெயில் காலத்திலும் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு படுப்பேன், தலை பின்னிவிடக்கூட அம்மாவைத் தொடவிடமாட்டேன் என்று எழுதினேன். அடுத்தடுத்த சந்திப்புகளில் வரிவரியாகச் சொன்னேன். அவன் மனப்பாடம் செய்தான். ஆலோசகர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

விடுதலைப் படிவத்தில், அவன் தங்கப்போகும் வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று போட்டேன். என் மகளுக்குப் பதினாலு வயது. தோளுக்கு மேல் வளர்ந்தவளைப் பிள்ளை என்று எப்படிச் சொல்வது.

தம்பி வந்தான். அம்மாவை நன்றாகவே பார்த்துக்கொண்டான். புண் ஆறத் தொடங்கியது.

நேற்று, கடிதத்தின் முதல் பிரதி என் தையல் பெட்டியில் மகள் கைக்குக் கிடைத்துவிட்டது. மிஷின் பக்கத்தில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். கதவுச் சத்தம், இரண்டு சட்டை, எல்லாம் அவளுடையது. ஒன்பது வயதிலேயே, மாமா தனக்கு என்ன செய்தான் என்று அவள் என்னிடம் வந்து சொல்லியிருந்தாள். கெட்ட கனவு, வெளியே சொல்லாதே என்று அனுப்பிவிட்டேன். எதிர்வீட்டு விஷயம் அதற்கு அடுத்த வருடம்.

"அப்போ நான் சொன்னதை நீ நம்பியிருக்கேம்மா," என்றாள். குரல்கூட உயரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், நம்பினேன். அன்றைக்கே நம்பினேன். தெரிந்துதான் அவனை அவள் இருக்கும் வீட்டுக்கு வரவழைத்தேன். ஆனால் அவன் வருவதற்கு முந்தின நாளே அவள் அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வாங்கி நானே பொருத்தினேன், மேடம். பெற்ற வயிறு இல்லையா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.