மடைக்காத்தானின் இடுப்பளவு

உங்கள் காக்கிச் சட்டையில் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அம்சவல்லி மேடம். யார் தைத்தது என்று கேட்கமாட்டேன், தொழில் மரியாதை. இன்ஸ்பெக்டர் விசாரிக்கும்போது இதையெல்லாம் கவனிக்கக்கூடாதுதான். என்ன செய்வது, குடவாசல் கடைத்தெருவில் அரை ஆயுசுக்கு மேல் தோளையும் இடுப்பையுமே பார்த்துப் பழகிய கண்.

கேட்டதற்கு வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

இந்த லியாகத் அலி பெரும்பாலும் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவன். வளர்கிற பிள்ளைகள் ஆயிற்றே, தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பேன். அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் போதும். அனுராதா என்ற பெண் சினிமா எடுக்கப்போகிறேன் என்று கடை ஏறி வந்தபோது, அவள் ஹீரோவின் உடையையும் அதே வழக்கப்படிதான் தைத்தேன். வாய்க்கால் மதகு காக்கிற பையனுக்கு ஒருநாள் பறக்கிற சக்தி வந்துவிடுகிறதாம். பெயர் மடைக்காத்தான். ஹீரோ, பேராவூரணித் தேங்காய் வியாபாரியின் ஒல்லிப் பிள்ளை ஷஹ்பாஸ். சிரிக்காதீர்கள், படம் ஓடு ஓடென்று ஓடியது.

அந்தக் கரும்பச்சை உடையைப் போட்டுக்கொண்டு அவன் முதன்முதலாக என் கடைக் கண்ணாடி முன்னால் நின்றான். ஓர் இடத்தில்கூடச் சுருக்கம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேடம். காலமெல்லாம் ஊராரின் தொந்திக்குப் பயந்து தைத்தவன் நான். சவூதியிலிருந்து மாப்பிள்ளை வந்தால் பிரித்துவிடு, கல்யாண விருந்து முடிந்தால் பிரித்துவிடு, இதுதான் என் பிழைப்பு. நான் நினைத்த உடை நினைத்தபடியே ஓர் ஆள்மேல் நின்றது அன்றைக்குத்தான்.

இரண்டாம் பாகத்துக்கு எல்லாமே பெரிதாக வந்தது. கேரவன் வந்தது, கிரேன் வந்தது, கூடவே ஷஹ்பாஸின் வயிறும் வந்தது.

"மாமு, கொஞ்சம் பிரிச்சு விடுங்களேன்" என்றான்.

பிரித்துவிட்டேன். ஊரும் சும்மா இருக்கவில்லை. நம்ம பிள்ளை நடிக்கிறான் என்று ஒரு வீட்டிலிருந்து நெய்ச்சோறு, அடுத்த வீட்டிலிருந்து கோழிக் குருமா. என் மனைவி ஹாஃபிஸாவே தூக்குச்சட்டி நிறைய வட்டலாப்பம் கொடுத்தனுப்பினாள். மறு வாரமும் பிரித்தேன். உள்ளே விட்டிருந்த துணி தீர்ந்தது. விலாப் பக்கம் புதுத் துண்டு வைத்து ஒட்டுப் போடச் சொன்னார்கள். மடைக்காத்தானுக்கு ஒட்டு! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

யூனிட்டில் ஒருவராவது அவனிடம் உண்மையைச் சொல்லவேண்டுமே. தயாரிப்பு மேனேஜர் கல்யாணம், கேரவனில் இருந்த எடை மெஷினின் முள்ளையே பின்னால் தள்ளி வைத்திருந்தார். ஹீரோவின் மனசு கோணக்கூடாதாம். "சார் ஊசி மாதிரி இருக்கீங்க" என்பது அங்கே காலை வணக்கம் மாதிரி. ஆனால் ஷஹ்பாஸ் முட்டாள் இல்லை. ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னான்.

"எல்லாரும் பொய் சொல்றாங்க மாமு. மெஷினும் பொய் சொல்லுது. உங்க தையல் ஒண்ணுதான் உள்ளதைச் சொல்லுது. இனிமே நான் அதைத்தான் நம்பப்போறேன்."

அந்த நம்பிக்கையை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒட்டுப் போடுவதற்குப் பதிலாக, பக்கத் தையலை ஒரு நூல் அளவு உள்ளே பிடித்துத் தைத்தேன்.

காலையில் ஜிப் ஏறவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நானும் வருத்தமாகப் பார்த்தேன். அன்றைக்கு நெய்ச்சோறு வந்த வழியே திரும்பிப் போனது. இதில் என்ன தப்பு, டாக்டரும் இதைத்தானே சொல்வார். அவன் இளைத்தான், நான் இன்னொரு நூல் பிடித்தேன். மறுபடி இளைத்தான், மறுபடி பிடித்தேன். கன்னம் வற்றித் தாடை தெரிந்தது. க்ளோஸப் பிரமாதமாக வருகிறது என்று அனுராதாவே பாராட்டினாள்.

முதல் பாகத்து அளவுக்கு வந்ததும் நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் பிடித்தால் இடுப்பில் எப்படி நிற்கும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. தைக்கிறவனுக்கு வருகிற ஆசைதான், வேறொன்றுமில்லை.

சோறு நின்றது, பிறகு இட்லியும் நின்றது, மோர் மட்டும் குடித்தான். ஒரு மத்தியானம் கேரவனில் உட்கார்ந்து அழுதான்.

"தண்ணி குடிச்சாலே ஊதுது மாமு. எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எழுந்து போய்ச் சாப்பிட்டிருப்பான். நான் துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். "அப்ப தண்ணியையும் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க தம்பி" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

அனுராதாவுக்கு உறுத்தியிருக்கிறது. கடைக்கே வந்துவிட்டாள். "பாய், பையன் கரைஞ்சுகிட்டே போறான். அப்புறம் எப்படி டைட்டாவே இருக்கு? கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்க பாய்."

"உள்ள துணியே இல்லையேம்மா" என்றேன். இந்த விவகாரத்தில் நான் வாய் திறந்து சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பறக்கிற காட்சியைக் குறுவை வயலுக்கு மேலே வைத்திருந்தார்கள். உச்சிவெயில். கயிறு கட்டிக் கிரேனில் தூக்கினார்கள். பாதி வானத்தில் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது. கையும் காலும் தளர, தலை ஒரு பக்கம் சாய, பச்சை வயலுக்கு மேலே மிதந்து போனான். நடிப்பு என்று நினைத்துச் சனங்கள் கைதட்டினார்கள். விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவன் மூச்சை இழுத்தால் மார்புத் தையல் லேசாக விரியும். அது விரியக் காணோம்.

ஏன் கத்தவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். உடையில் சுருக்கமே இல்லை, மேடம். மூச்சு விடுகிற ஆளின்மேல் எத்தனை நன்றாகத் தைத்தாலும் ஒரு சுருக்கம் வந்து போகும், அதுகூட இல்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அனுராதா கட் சொன்ன பிறகு, "பையனை இறக்குங்க" என்றேன். முதலில் சொன்னது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கத்தரி போட்டு உடையைக் கழற்றியிருக்கிறார்கள். தையல் ஓரமாக வெட்டியிருக்கலாம், குறுக்கே வெட்டிவிட்டார்கள். உள்ளே மடிப்புமேல் மடிப்பாக அவ்வளவு துணி இருப்பதை அனுராதா பார்த்திருக்கிறாள். அதைத்தான் உங்கள் மேஜைமேல் போட்டிருக்கிறாள். ஆமாம், ஒவ்வொரு மடிப்பும் நான் தைத்ததுதான். பசியாலும் தாகத்தாலும் அந்தப் பிள்ளையை அங்கே படுக்கவைத்தவன் நான்தான். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லையாம். பிழைப்பானா என்று டாக்டர்களால் இன்னும் சொல்ல முடியவில்லையாம்.

கண் திறந்ததும் என்னைத்தான் கேட்டானாம். "மாமுகிட்ட சொல்லுங்க, இப்ப ஜிப் ஏறும்" என்றானாம். இதைச் சொல்லும்போது அனுராதா என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். அவன் எனக்குப் பிள்ளை மாதிரி, மேடம். கெடுதல் நினைத்துச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் ஓர் உதவி. கான்ஸ்டபிளைத் துணைக்கு அனுப்பி என்னை ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். டிரிப் ஏற்ற ஏற்ற உடம்பு ஊதிவிடும் என்கிறார்கள். அதற்குள் நான் ஓர் அளவு எடுத்துவிட வேண்டும்.