வடக்கே போகும் மிளகாய்

பொலிதேயாமா நிறுத்தத்தில் இறங்க வேண்டிய நான் ஸ்தாசியோனே என்ற ரயில் நிலையம் வரை போனதற்கு, பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்த தமிழ்ப் பெண்கள் இருவரே காரணம். மூத்தவரின் ஒரு வாக்கியம் என் காதைப் பிடித்து இழுத்தது.

“சப்பாத்தைக் கழுவாமல் அந்தப் பனியில கால் வைக்க விடமாட்டினமாம், பிள்ளை.”

“கோயிலோ அக்கா அது?”

“வடதுருவப் பக்கம். நான் வேலை செய்யிற வீட்டுக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோரா, கப்பலில போறா, துணைக்கு நானும் போறன். கல்லுப் பொறுக்கக் கூடாது, பூப் பிடுங்கக் கூடாது, குருவிக்குக் கிட்டப் போகக் கூடாது.”

“அப்ப என்னத்துக்குப் போறது?”

“சும்மா பாக்க.”

தண்ணீர் ஊற்ற மறந்தே என் அறையின் ஒரே செடியைக் கொன்ற நான், வெட்கத்தோடு யன்னல் பக்கம் திரும்பினேன்.

“எனக்குத் தம்பியைப் பாக்கவேணும். நோர்வேயில மீன் தொழிற்சாலையில நிக்கிறான். கப்பல் அவன்ர ஊரிலையும் மூண்டு மணித்தியாலம் நிக்கும். எட்டு வருசமாக் காணேல்லை.”

“பிறகென்ன யோசினை?”

“யன்னலடியில நட ஊர் மிளகாய் விதை கேட்டவன். விதை கொண்டுபோகேலாதாம். வெளிச்செடி முளைச்சால் அங்கத்தைப் புல்லுப்பூண்டு கெட்டுப்போமாம். பிடிச்சால் என்னை இறங்க விடாயினம்.”

“சப்பாத்துக்குள்ள ஒளியுங்கோ.”

“அதைத்தானே முதல் பாப்பினம், விசரி!”

என் நிறுத்தம் கடந்து போனது.

“அப்ப தம்பிக்கு?”

“மிளகாயை விதையோட வறுத்துத் தூளாக்கிப்போட்டன். தூள் முளைக்காதுதானே. என்னைக் கண்டு அவன் அழுதாலும், தூள் கண்ணுக்குள்ள போயிட்டுதெண்டு சனம் நினைக்கும்.”