திமிங்கிலத்தின் வால்

"வால் எப்பிடி இருந்ததெண்டு திருப்பிச் சொல்லு."

திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் மனைவியிடம் இப்படிக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது. கண்ணை மட்டும் திறக்கவில்லை. தூங்குவதுபோல் நடிப்பது ஒன்றுதான் இந்த வயதில் எனக்கு ஒழுங்காக வரும் வேலை.

"எத்தினை தரம் சொல்லுறது? எங்கடை வள்ளத்தளவு அகலம். தூக்கித் தண்ணியிலை ஒரே அடி."

"எங்கடை குருநகரிலை துருவித் துருவிக் கேப்பாங்களப்பா. முப்பது வருசம் கடலுக்குப் போறவன், திமிங்கிலம் பாக்கப் போன போட்டிலை தலை சுத்திச் சத்தி எடுத்தவனெண்டு தெரிஞ்சால் கரையிலை தலை காட்டேலாது."

"எங்கடை ஊர்க் கடலின்ரை இடுப்பளவு தண்ணியிலை சத்தி வராதுதானே."

"பகிடியை விடு. தண்ணி எவ்வளவு உயரம் பீச்சினது?"

"ஒரு தென்னை உயரம்."

அப்போது அவருடைய போன் அடித்தது.

"ஓம் மச்சான், கண்டனான்! வாலெண்டால் எங்கடை வள்ளம் ரெண்டளவு வரும். பீச்சின தண்ணி மாதா கோயில் கோபுரத்தை விட உயரம்! என்ன, சத்தியோ? எனக்கோ? பக்கத்திலை ஒரு வெள்ளைக்காரன் எடுத்தவன், பாவம். நான்தான் தலையைப் பிடிச்சு விட்டனான்."

போனை வைத்துவிட்டு அவர் நிம்மதியாகச் சாய்ந்தார். மனைவியின் குரல் இப்போது தணிந்து வந்தது.

"நீங்கள் சொல்லக் கேக்க, எனக்கும் ஒருக்காப் பாக்கவேணும்போல கிடக்கு."

"நீ பாத்தனிதானே?"

"உங்கடை தலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள், நான் எங்கை பாத்தன்?"