வெள்ளிக்கிழமைக் கப்பல்

மேசைகளைக் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் போடாதே என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் விடுமுறைக்கு வருகிறவர்களுக்குக் கால் நனைந்தால்தான் மீன் சாப்பிட்ட திருப்தி. கடை நடத்துகிறவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், ஐயா.

மில்டோஸ் வாத்தியார் பதினான்கு கோடைகளாக எங்கள் தீவுக்கு வந்தார். தெசலோனிக்கியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி ஆன்தூலாவும் என் மாடி அறையில் இரண்டு வாரம் தங்குவார்கள். சாப்பாடு கீழே, என் கடையில்.

“கலியோப்பி, இந்தக் கணவாய் மீனுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி போலிருக்கே?”

“உங்களைவிடக் கிழடு இந்தக் கடல்லயே கிடையாது வாத்தியாரே. பேசாம மெல்லுங்க.”

என் கணவர் போன பிறகு என்னோடு இப்படி மல்லுக்கு நின்ற ஒரே ஆள் அவர்தான். மற்ற ஐம்பது வாரமும் நான் பூனைகளோடு பேசிக்கொண்டிருப்பேன். அவை பதில் சொல்வதில்லை.

இந்த வருடம் கடைசி வாரப் புதன்கிழமை மதியம், ஊசோ சாராயத்தை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: “அடுத்த வருஷத்திலேர்ந்து நாக்சோஸ் தீவுதான். பொண்ணு அங்க வீடு வாங்கிட்டா. உன் கையிலேர்ந்து என் வயித்துக்கு விடுதலை.”

நானும் சிரித்தேன்.

எங்களுக்குத் திங்களும் வெள்ளியும்தான் கப்பல். அவர்கள் வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. வியாழன் மதியம் பூண்டும் ஒயினும் போட்டுச் சிப்பி சமைத்தேன். புதன் மதியத்திலிருந்து ஜன்னலில் வெயில் காய்ந்த சிப்பி. ஆன்தூலா சிப்பியைத் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

வெள்ளிக்கிழமைக் கப்பல் போய்விட்டது. வாத்தியார் போகவில்லை; வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார். நான் அரிசிக் கஞ்சி வைத்து மாடிக்கு எடுத்துப் போனேன். படுத்தபடியே ஒரு வாய் குடித்துவிட்டு, “மீனைவிட உன் கஞ்சி பரவாயில்லை” என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வருஷக்கணக்காகிறது.

சனிக்கிழமை ஆன்தூலா பயந்துவிட்டாள். “உதடெல்லாம் வறண்டு போச்சு கலியோப்பி. ஹெலிகாப்டருக்குச் சொல்லிடலாமா?”

“வெயில் சூடும்மா. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்” என்றேன். ஹெலிகாப்டர் வந்தால் ஏதென்ஸ் ஆஸ்பத்திரிக்கல்லவா கொண்டு போய்விடுவார்கள்?

ஞாயிறு காலை அவர் எழுந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. “பெட்டியைக் கட்டு ஆன்தூலா. நாளைக்குக் கப்பல்.”

திங்கட்கிழமைக் கப்பல் வந்தபோது அவர் போய்ச் சேர்ந்திருந்தார். ஆன்தூலா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சியில் அந்தக் கெட்டுப்போன சிப்பித் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். நான்தான் ஊற்றினேன், ஐயா. கொல்ல நினைத்திருந்தால் எலி மருந்து வாங்கியிருப்பேனே. இன்னொரு வெள்ளிக்கிழமை வரை இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குமேல் ஒரு மனிதரைப் பிடித்து வைத்துக்கொள்ள நான் யார்?