மேலகரம் வளைவில் இரண்டாம் கியர்

மாலை ஆறரை மணி இருக்கும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோடு. இன்று நாம் வந்தோமே, அதே ரோடுதான்... ஆனால் மாசி மாதம். சீசன் இல்லாத காலத்தில் அந்தப் பக்கம் யார் போகிறார்கள்? அருவியில் தண்ணீர் இல்லை. கடைகளில் ஆள் இல்லை. மேலகரம் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். அப்புறம் ஒரு வளைவு. வளைவில் ஒரு மருத மரம்.

யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள், சாரல் உள்ளே அடிக்கிறது. கரண்ட் இப்போதைக்கு வராது. மசூது, நீ இப்படி என் பக்கத்தில் உட்கார். புது வண்டி வாங்கிவிட்டாய், வழியெல்லாம் கியரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய். அதனால்தான் இது ஞாபகம் வந்தது.

எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளி காஜா இருக்கிறானே, அவனுடைய தாய்மாமா யாக்கூப். தென்காசியில் மோட்டார் ஷெட் வைத்திருந்தார். அவர் கண்ணால் பார்த்தது. காஜா பொய் சொல்வான், எனக்குத் தெரியும். யாக்கூப் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனாலேயே கெட்டுப்போன மனுஷர்.

ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வாக்கில் நடந்தது. மந்திரமூர்த்தி என்று ஒருவன். சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் நிலம், தென்காசியில் மாடி வீடு, குற்றாலத்தில் பங்களா. அப்பா கண்ணை மூடிய மறுவருஷமே சிவப்பு நிறத்தில் ஒரு சீமை வண்டி வாங்கினான். இரண்டே பேர் உட்காரலாம். மேலே துணிக் கூரை. ரேஸ் ஓட்டுகிற வண்டி என்றார்கள். இங்கே யாரோடு ரேஸ் விடப் போகிறான், வைக்கோல் வண்டியோடா? அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை.

வண்டி வாங்கியவனுக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக் கொடுத்தது அவன் வீட்டு டிரைவர் சொரிமுத்து. மந்திரமூர்த்தி ஸ்டியரிங் முன்னால், சொரிமுத்து அவனுக்கு இடது பக்கத்துச் சீட்டில். நடுவில் கியர் கம்பி. நெட்டைக் கம்பி அது, உச்சியில் கறுப்புக் குமிழ். மந்திரமூர்த்தி இடது கையால் குமிழைப் பிடிப்பான். அந்தக் கையின் மேல் சொரிமுத்து தன் வலது கையை வைத்துத் தள்ளிக் காட்டுவான்.

“இறுக்கிப் பிடிக்கக் கூடாது சின்ன மொதலாளி. தானா விழும்.”

இதையே நூறு தரம் சொல்வானாம். அந்த வலது கையில் ஒரு குறை உண்டு. முன்னொரு காலத்தில் லாரியைக் கிளப்ப முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது அது திருப்பி அடித்துக் கட்டை விரல் ஒடிந்துவிட்டது. ஒடிந்த விரல் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கூடிவிட்டது. எதைப் பிடித்தாலும் நான்கு விரல் மடங்கும், கட்டை விரல் மட்டும் தனியாக வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சரி... அந்த மாசி மாதத்து மாலை. மந்திரமூர்த்திதான் ஓட்டுகிறான். நாலாம் கியர். நல்ல வேகம். மருத மரத்து வளைவு வருகிறது. சொரிமுத்து கையை நீட்டிக் குமிழின் மேல் வைத்து இரண்டாம் கியருக்கு இழுக்கப் பார்த்தான். வேகம் குறையட்டும் என்றுதான். மந்திரமூர்த்தி அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

வளைவுக்கு அந்தப் பக்கம் வள்ளித்தாய் விறகுக் கட்டோடு வந்துகொண்டிருந்தாள். மேலகரத்துக்காரி. அதே இடத்தில் உயிர் போய்விட்டது. ரோடு முழுக்க விறகு.

மந்திரமூர்த்தி இறங்கவே இல்லை. சீட்டில் இருந்தபடியே சொன்னானாம், “ஏலே சொரிமுத்து... நீ ஓட்டுனதாச் சொல்லிரு. பெரிய வக்கீலா வச்சு மூணே மாசத்துல உன்னை வெளிய எடுத்துருதேன்.”

சொரிமுத்து ஒப்புக்கொண்டான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அவன் அப்பனும் அந்த வீட்டுச் சோறு, அவனும் அந்த வீட்டுச் சோறு. இரண்டு வருஷம் ஜெயில் தீட்டிவிட்டார்கள். பெரிய வக்கீல் வரவில்லை, சின்ன வக்கீலும் வரவில்லை. எட்டாம் மாதம் ஜெயிலில் வயிற்றுப்போக்கு கண்டு செத்துப்போனான். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அவன் பெண்டாட்டி கல்யாணசுந்தரி. அவளும் மேலகரம். செத்த வள்ளித்தாய் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் குடியிருந்தாள். தெருவில் ஒருத்தியும் அவளோடு பேசுவதில்லை. குழாயடியில் குடத்தை வைத்தால் எடுத்து நகர்த்திவிடுவார்கள். கொலைகாரன் பெண்டாட்டி என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவள் போய் மந்திரமூர்த்தி வீட்டு வாசலில் நின்றாள்.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மொதலாளி. எங்க தெருவுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை. வண்டிய ஓட்டுனது அவரு இல்லன்னு சொல்லிருங்க.”

“செத்தவன் செத்துட்டான். இப்பப் போயி என்னத்துக்கு அதக் கிண்டுத? போ, போ.”

தினமும் வந்தாள். தினமும் விரட்டினான்.

அப்புறம்தான் அது ஆரம்பித்தது. மந்திரமூர்த்தி பங்களாவுக்குத் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகிறான். விளக்கு வைக்கிற நேரம். மேலகரம் தாண்டுகிறான். பக்கத்துச் சீட் காலி... திடீரென்று மண்ணெண்ணெய் வாடை. கூடவே புகையிலை. சொரிமுத்து வேலை முடிந்தால் மண்ணெண்ணெய் போட்டுத்தான் கை கழுவுவான். மருத மரம் கண்ணில் பட்டதும், குமிழைப் பிடித்திருந்த கையின் மேல்... இன்னொரு கை. சில்லென்று. நான்கு விரல் மடங்கிப் பிடிக்கிறது. கட்டை விரல் மட்டும் பிடியில் சேரவில்லை. குமிழை முன்னே தள்ளி, இடப்பக்கம் ஒதுக்கி, பின்னே இழுக்கிறது. டொக்... இரண்டாம் கியர். வண்டி முனகிக்கொண்டு வேகம் குறைகிறது. வளைவு தாண்டியதும் கை இல்லை. வாடையும் இல்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நேராக மேலகரம் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வருவீர்கள். மந்திரமூர்த்தி என்ன செய்தான் தெரியுமா? பம்பாய்க்கு எழுதிப் போட்டு ஒரு குட்டைக் கியர் கம்பி வரவழைத்தான்! வண்டி செய்த கம்பெனி கொடுப்பதில்லை அது. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கென்று வேறு எவனோ செய்து விற்கிற சாமான். பார்சலைத் தூக்கிக்கொண்டு யாக்கூப் மாமா ஷெட்டுக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லையாம். வளைவில் நடந்ததிலிருந்து கை வந்தது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

“அவன் கைக்கு அந்தக் குமிழு எங்கன இருக்குன்னு பழக்கம், பாய். குமிழத் தாழ எறக்கிட்டா? வந்து தேடட்டும். அங்கன ஒண்ணும் இருக்காதுல்லா?”

யாக்கூப் மாமா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். “மொதலாளி, கம்பிய மாத்துததுக்கு அரை நாள் ஆகும். மேலகரம் போயி அந்தப் பிள்ளைட்ட சொல்லுததுக்கு அவ்வளவு நேரம் ஆகாதே.”

“நீரு மெக்கானிக்கா, புத்தி சொல்லுத ஆலிம்சாவா? சொன்ன வேலையப் பாரும்.”

பார்த்தார். தொழில் அதுதானே. சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பைச் சுருட்டி, கம்பியைச் சுற்றியிருந்த தோல் உறையை உரித்தார். கியர் பெட்டி மூடியின் நான்கு போல்ட்டையும் எடுத்தார். கியர் கம்பியின் நடுவே ஒரு குண்டு இருக்கும், கம்பி அதன் மேல்தான் ஆடும். பம்பாய்க் கம்பியில் குண்டுக்கு மேலே நீளம் குறைவு, கீழே நீளம் அதிகம். மேலே விரலை அசைத்தால் போதும், கீழே கியர் விழுந்துவிடும். மசூது, உன் ஆசையும் அதுதானே?

பழைய கம்பி மேலே வர மறுத்தது. போல்ட் இல்லை, ஸ்பிரிங் இல்லை, எதிலும் சிக்கவில்லை. ஆனால் இழுத்தால் வரவில்லை... உச்சியில் யாரோ கையை வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிற கனம். யாக்கூப் மாமா பிஸ்மில்லா சொல்லி இன்னொரு தரம் இழுத்தார். வந்துவிட்டது. அதை ஷெட்டுச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு, புதுக் கம்பிக்குக் கிரீஸ் தடவி இறக்கி, மூடியை முறுக்கினார். ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி விழுந்தது. வேலையில் ஒரு குறை இல்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மந்திரமூர்த்தி விடவில்லை. “நீரும் வாரும், ஓட்டிப் பாப்போம்” என்று யாக்கூப் மாமாவை இடது பக்கத்துச் சீட்டில் ஏற்றிக்கொண்டான். சொரிமுத்து உட்கார்ந்த சீட்.

அதே நேரம். மேலகரம் தாண்டியது. நாலாம் கியர். மந்திரமூர்த்தியின் இடது கை கீழே, தரையோரத்தில் இருந்த குமிழைப் பிடித்திருந்தது. முழங்கையை நீட்டினால்தான் எட்டும். விசிலடித்துக்கொண்டு வந்தானாம்.

முதலில் மண்ணெண்ணெய் வாடை. அப்புறம் புகையிலை. யாக்கூப் மாமாவின் மடிக்கு மேலே காற்று சில்லென்று ஆனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. சர்... சர்... காய்ப்புப் பிடித்த உள்ளங்கை எதையோ தடவுகிற சத்தம். பழைய குமிழ் இருந்த உயரத்தில், வெறும் காற்றில், ஒரு கை தேடுகிறது. இல்லை. கொஞ்சம் இப்படி... இல்லை. யாக்கூப் மாமாவின் முழங்காலைத் தொட்டுவிட்டு விலகிப் போனது.

மந்திரமூர்த்தி சிரித்தான். “பாத்தீரா? தேடுதான்! தேடு லே, நல்லாத் தே—”

பழைய குமிழ் இருந்த உயரத்தில் இப்போது என்ன இருக்கிறது? யோசித்துப் பாருங்கள். கீழே நீட்டியிருக்கிறானே, அவன் கை... மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில்.

சட்டைத் துணி நான்கு இடத்தில் அமுங்கியது. யாக்கூப் மாமா அதைப் பார்த்தார். முன்னே தள்ளியது. இடப்பக்கம் ஒதுக்கியது. மந்திரமூர்த்தி கத்தினான், கால் தானாகக் கிளட்சை மிதித்தது. பின்னே இழுத்தது. இரண்டு சத்தம் கேட்டதாம். ஒன்று, கியர் விழுந்த சத்தம்... மற்றது எலும்பு.

வண்டி மருத மரத்தடியில் மெதுவாக உருண்டு வந்து நின்றது. ரோட்டில் ஒரு கோழிக்குஞ்சு கூட அடிபடவில்லை.

கை இரண்டு இடத்தில் முறிவு. இப்போதாவது அவனுக்குப் புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? போலீஸ்காரர் வந்து எப்படி ஆயிற்று என்று கேட்டார். மந்திரமூர்த்தி கட்டிலில் படுத்தபடியே சொன்னான், “யாக்கூபு மாட்டுன கம்பி சரியில்ல. அந்தாளு வேலை தெரியாத ஆளு.”

ஒருத்தன் தலையில் கட்டிப் பழகியவன், அடுத்தவன் தலையிலும் கட்டினான். ஊரும் அதைத்தான் நம்பியது. ஷெட்டுக்கு வண்டி வருவது நின்றுவிட்டது. யாக்கூப் மாமா நடந்ததை நடந்தபடி சொன்னார், அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். வண்டியே வராத ஷெட்டில், சாயங்காலமானால் ஆணியில் தொங்கிய பழைய கம்பி சுவரில் இடிக்கும். டொக்... டொக்... டொக்... காற்று இல்லாத நாளிலும். கடைசியில் அதை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலகரம் போனார்.

“உன் வீட்டுக்காரன் கை பட்ட சாமான், தாயி. எங்கிட்ட இருக்க மாட்டேங்குது.”

கல்யாணசுந்தரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

மந்திரமூர்த்திக்கு மாவுக்கட்டுப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் அன்றைக்கே, விளக்கு வைக்கிற நேரத்தில், அந்தக் கை தானாக எழுந்தது. முன்னே. இடப்பக்கம். பின்னே. அவன் அலறுகிறான், கை நிற்கவில்லை. வேலைக்காரர்கள் நான்கு பேர் பிடித்துத் தொங்கினார்கள். அவர்களையும் சேர்த்து இழுத்ததாம். மறுநாளும் அதே நேரம். திருநெல்வேலி டாக்டர், மெட்ராஸ் டாக்டர் எல்லாரும் வந்து நரம்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூடின எலும்பு மறுபடி விட்டது. மறுபடி கட்டினார்கள். கட்டோடு எழுந்தது.

ஒரு விஷயத்தை அவன் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கல்யாணசுந்தரி வாசலுக்கு வருவது நின்று போயிருந்தது.

யாக்கூப் மாமா ஷெட்டை மூடிவிட்டார். புனலூரில் ஒரு பஸ் முதலாளியிடம் வேலை. கிளம்புகிற அன்று மாலை அவர் பெண்டாட்டி ராபியா, சொல்லிவிட்டு வரலாம் என்று கல்யாணசுந்தரி வீட்டுக்குப் போனாள். கல்யாணசுந்தரியிடம் போய்ப் பேசுகிறவள் ராபியா ஒருத்திதான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சிம்னி விளக்கு. மண்ணெண்ணெய் வாடை... விளக்கு வாடை என்றுதான் ராபியா நினைத்தாள்.

கல்யாணசுந்தரி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடப்பக்கம் ஒரு பலகை, காலியாக. இரண்டுக்கும் நடுவே மண் தரையில் அந்த நெட்டைக் கம்பி நட்டு வைத்திருந்தது. இடது கையால் குமிழைப் பிடித்திருந்தாள். முன்னே தள்ளினாள். இடப்பக்கம் ஒதுக்கினாள். பின்னே இழுத்தாள்.

“ஏட்டி கல்யாணி... என்ன செய்யுத?”

“அந்த ஒரு வார்த்தை வேண்டாம்னுட்டேன் அக்கா. அவன் வாயால சொல்ல வேண்டாம். வலிச்சா போதும்.”

ராபியா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். புறங்கையில் தோல் அமுங்கிக் குழி விழுந்திருந்தது. நான்கு குழி ஒரு பக்கம். கட்டை விரல் பதிய வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

கல்யாணசுந்தரி பலகைப் பக்கம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு குமிழில் பிடியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு சொன்னாள்:

“இறுக்கிப் பிடிக்கக் கூடாதாம் அக்கா... தானா விழுமாம்.”